நடு விலை எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா? வேலூரிலிருந்து யோசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் என் அக்கா பையன் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்தான். கையில் போன், போனில் ஒரு கிட்டார் படம். "மாமா, நாற்பதாயிரம் சொல்றாங்க. வாங்கிடலாமா?" என்றான். ஏற்கெனவே அவனிடம் ஒன்பதாயிரம் ரூபாய் கிட்டார் ஒன்று இருந்தது. அதில் என்னடா குறை என்று கேட்டேன். "சவுண்டே வரல மாமா, கையும் வலிக்குது" என்றான்.

அதைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தடித்த கம்பிக்கும் நடுவே நான்கு ஏ.டி.எம். கார்டுகளை அடுக்கி நுழைக்க இடமிருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை அந்த உயரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறான். அன்று சாயங்காலமே ஒரு ஆலன் கீயும் புது கம்பி செட்டும் வைத்துச் சரி செய்தோம். கிட்டார் வாங்கும் பேச்சு எட்டு மாதத்துக்கு எழவில்லை. அப்புறம் வாங்கினான், ஆனால் முதலில் படத்தில் காட்டியது அல்ல. அந்த எட்டு மாதத்தில் தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது.

நடு விலை என்று நான் சொல்வது சுமார் முப்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ரூபாய் வரை. நம் ஊரில் அது ஒரு குடும்பத்தின் பெரிய செலவு. ஆகவே எந்த பிராண்டு என்று தேடுவதற்கு முன்னால் வாங்கத்தான் வேண்டுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்வோம்.

கூடுதல் காசு எங்கே போகிறது

எலெக்ட்ரிக் கிட்டாரில் இரும்புக் கம்பி அதிர்கிறது. அதன் கீழே காந்தமும் செம்புச் சுருளும் கொண்ட பிக்அப் அந்த அதிர்வைச் சின்ன மின்னோட்டமாக மாற்றுகிறது. அதைப் பெரிதாக்கி நம் காதுக்குக் கொண்டுவருவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும். நாம் கேட்கும் ஒலியில் பெரிய பங்கு ஆம்ப்புக்குத்தான். பத்தாயிரம் ரூபாய் கிட்டாரை நல்ல ஆம்ப்பில் சொருகினால் அழகாகவே ஒலிக்கும். ஐம்பதாயிரம் ரூபாய் கிட்டாரை மட்டமான ஆம்ப்பில் சொருகினால் மட்டமாகத்தான் கேட்கும்.

அப்படியென்றால் நடு விலையில் கூடுதலாகக் கிடைப்பது என்ன? சுருதி நிற்பதும், கைக்கு இதமாக இருப்பதும். ஃப்ரெட்டுகள் ஒரே மட்டத்தில் இருக்கும், ஓரங்கள் விரலைக் கீறாது. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் நட் பள்ளங்கள் சரியான ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கும். கம்பியை முறுக்கும் ட்யூனர் சாவி நழுவாது. ஸ்விட்சும் வால்யூம் திருகும் கரகரக்காமல் பல வருடம் ஓடும். இதற்குத்தான் காசு. உங்கள் பழைய கிட்டாரில் இந்தக் குறைகள் உண்மையிலேயே இருந்து, செட்டப்பில் (கம்பி உயரம், நெக் வளைவு, சுருதி இவற்றைச் சரி செய்வதில்) தீராது என்றால் வாங்க நியாயமான காரணம் இருக்கிறது. ஒலி பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமென்றால் முதலில் ஆம்ப்பைப் பாருங்கள்.

முதல் படி: கையில் இருப்பதைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். புது கம்பி மாட்டி, சுருதி சேர்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஏ.டி.எம். கார்டு ஒன்றின் கனம் 0.76 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே இரண்டு கார்டுகள் கம்பியைத் தூக்காமல் நுழைந்தால் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் சுற்றி இருக்கிறது. ஃபெண்டர் தன் கிட்டார்களுக்குப் பதினேழாவது ஃப்ரெட்டில் சொல்லும் 1.6 மில்லிமீட்டருக்கு இது மிக அருகில். மூன்று கார்டு நுழைந்தால் கொஞ்சம் உயரம், ஆனாலும் வாசிக்கலாம். நான்கு என்றால் கிட்டார் உங்களை அடிக்கிறது என்று அர்த்தம். பிரிட்ஜில் (கிட்டார் உடலில் கம்பிகள் வந்து முடியும் இடம்) கம்பியைத் தாங்கும் சாடில் துண்டுகளின் திருகுகளைத் திருப்பினாலே இது பெரும்பாலும் இறங்கும். எண்கள் மேடாகப் புடைத்து நிற்கும் பழைய கார்டுகளை விட்டுவிடுங்கள், மேடு கணக்கைக் கெடுக்கும்.

அடுத்தது நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின் வளைவு. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் மறுகையாலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருந்தால் நல்லது. கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைய இருந்தாலோ இடைவெளியே இல்லாவிட்டாலோ, நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்ப வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுதான், திருப்பியபின் மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். அது கெட்டியாக எதிர்த்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது சுருதிச் சோதனை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, மணி போன்ற ஹார்மோனிக் ஒலியை எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். சுருதி காட்டும் ட்யூனரில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது ஏறி வந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி வந்தால் முன்னால் கொண்டுவாருங்கள்.

இதெல்லாம் பயமாக இருந்தால் கிட்டார் செட்டப் செய்கிறவரிடம் ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாய் கொடுத்தே செய்துகொள்ளலாம். நாற்பதாயிரம் செலவழிக்க நினைக்கிற ஒருவர் அந்த ஆயிரத்தை முதலில் செலவழிக்கத் தயங்குவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

செட்டப்புக்குப் பிறகு இரண்டு மாதம் வாசியுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதியும் எவ்வளவு நேரம் என்பதும் மட்டும் எழுதுங்கள். வாரத்தில் நான்கு நாளாவது கிட்டார் கையில் ஏறியிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அப்படி ஏறவில்லையென்றால் புதுக் கிட்டார் வந்தாலும் முதல் மாதத்துக்குப் பின் பையிலேயே இருக்கும்.

இரண்டாவது படி: எங்கே, எதை வாசிக்கப் போகிறீர்கள்

வேலூரில் கிட்டார் வாசிப்பவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் சர்ச் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டவர்கள். நானும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்குத் துணையாகக் கோர்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசிப்பது மட்டுமே உங்கள் தேவை என்றால், பிக்அப் உள்ள அகூஸ்டிக் கிட்டாரே போதும். இதை யோசிக்காமல் எலெக்ட்ரிக் வாங்கி, ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி பேண்டு, சினிமாப் பாட்டு, மெல்லிசைக் குழு என்று எல்லாவற்றையும் வாசிக்கிறவருக்கு இரண்டு விதமான பிக்அப்பும் தேவைப்படும். ஒற்றைச் சுருள் பிக்அப் பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த 'ம்ம்ம்' ஆம்ப்பில் கேட்கும். இதைப் போக்க கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். இரண்டு சுருளிலும் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி கூடும். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டு இடத்தில் ஒற்றைச் சுருள் என்ற அமைப்பை எச்.எஸ்.எஸ். என்பார்கள். யமஹா பசிஃபிகா 112வி அப்படிப்பட்டது, அதன் ஹம்பக்கரை ஒற்றைச் சுருளாக மாற்றும் வசதியும் உண்டு. முதல் நடு விலைக் கிட்டார் வாங்குகிறவருக்கு என் ஓட்டு இந்த அமைப்புக்குத்தான்.

கர்நாடக இசை வாசிக்கும் ஆசை இருந்தால் விஷயம் வேறு. கமகத்துக்குக் கம்பியை இழுக்கவும் சறுக்கவும் வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன 'கிட்டார்' பிரசன்னா நம் ராணிப்பேட்டைக்காரர். அந்த வழியில் போக நினைப்பவர்கள் உயரமான ஃப்ரெட், மெல்லிய கம்பி, தட்டையான விரல்பலகை இந்த மூன்றையும் தேடுங்கள். விரல்பலகையின் வளைவு ஆரம் (எண் கூடினால் பலகை தட்டை) 7.25 அங்குலம் என்று போட்டிருக்கும் பழைய பாணிக் கிட்டாரில் கம்பியைத் தாழ்த்தி வைத்து நன்றாக இழுத்தால் ஒலி செத்துப்போகும். 9.5-ம் பரவாயில்லை. 12 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் கவலை குறைவு.

மூன்றாவது படி: காசைப் பிரியுங்கள்

கையில் மொத்தம் ஐம்பதாயிரம் இருக்கிறது என்றால் ஐம்பதாயிரத்துக்குக் கிட்டார் பார்க்காதீர்கள். கிட்டாருக்கு 34,000. ஆம்ப்புக்கு 11,000. செட்டப், கேபிள், ஸ்டிராப், ஸ்டாண்டு, இரண்டு செட் கம்பி எல்லாவற்றுக்கும் 5,000. நல்ல ஆம்ப் ஏற்கெனவே இருந்தால் கிட்டாருக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில், ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கும் தெருவில் பெரிய ஆம்ப் வேண்டாம். ஹெட்போன் சொருகும் வசதியுள்ள சின்ன ஆம்ப் போதும். ராத்திரி பத்து மணிக்கும் வாசிக்க முடிந்தால்தான் நோட்டில் நாட்கள் கூடும்.

ஸ்டிராப்புக்கு வெளியூர் போக வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று மூன்று தோல் ஊர்களைப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தோல் வேலை தெரிந்தவரிடம் அகலமான பட்டை ஒன்று தைத்து வாங்கினேன், பதினோரு வருடமாக உழைக்கிறது.

மாதத் தவணையில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மாத நோட்டு நிறைந்திருந்து, வீட்டில் வேறு கடன் இல்லையென்றால் தவறில்லை. மற்றவர்கள் அந்தத் தவணைத் தொகையையே மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். சேர்ந்து முடியும்போதும் ஆசை அப்படியே இருந்தால் வாங்கிவிடுங்கள்.

நான்காவது படி: அளவும் எடையும்

ஃபெண்டர் வகையில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 25.5 அங்குலம், கிப்சன் வகையில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று நினைப்போம். விரல் சின்னதாக இருப்பவருக்கும், கம்பியை நிறைய இழுப்பவருக்கும் அந்த முக்கால் அங்குலம் தெரியும். நீளம் குறைந்தால் அதே கம்பி தளர்வாக இருக்கும், இழுக்க எளிது.

கிப்சனின் லெஸ் பால் வகை பல நேரம் நான்கு கிலோவைத் தாண்டும். இரண்டு மணி நேர ஆராதனையில் நின்று வாசித்தால் இடது தோள் மறுநாள் பேசும். முதுகு வலி உள்ளவர்கள் மூன்றரை கிலோவுக்குள் தேடுவது நல்லது.

ஸ்குவயர் என்பது ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டு, எபிஃபோன் கிப்சனுடையது. கார்ட், ஐபனெஸ், யமஹா இவையும் இந்த விலையில் நல்ல கிட்டார் செய்கின்றன. ஒரே மாடலில் இரண்டு கிட்டாரை எடுத்தால் ஒன்று கைக்கு ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. அதனால்தான் பெயரைவிட அடுத்த படிக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தின் எத்தனையோ கிட்டார்களின் விரல்பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். 2017-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்ததும் நிறுவனங்கள் லாரல், பாவ் ஃபெரோ போன்ற மரங்களுக்குப் போயின. 2019-ல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. லாரல் பலகை என்று எழுதியிருந்தால் அது போலி என்று ஒதுக்காதீர்கள், கைக்கு வித்தியாசம் மிகக் குறைவு.

ஐந்தாவது படி: நேரில் போய் வாசியுங்கள்

நீங்கள் தேடும் மாடல் வேலூரிலேயே கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறுங்கள். சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் தொடங்கி, ஒரே நாளில் இரண்டு மூன்று கடை பார்த்துவிடலாம். பெங்களூரு கொஞ்சம் தூரம், ஆனால் அங்கும் நிறைய கடைகள் உண்டு. வார நாளில் காலையிலேயே போங்கள். கடையில் கூட்டம் இருந்தால் நிதானமாக வாசிக்க முடியாது, பின்னால் நிற்பவர் கேட்கிறார் என்ற கூச்சத்தில் தெரிந்த நாலு கோர்டை வாசித்துவிட்டு வந்துவிடுவோம்.

முதலில் ஆம்ப்பில் சொருகாமல் வாசியுங்கள். நெக்கின் ஓரமாக உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை குத்தக் கூடாது. ஒரு கண்ணை மூடி, பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தலை வரை நெக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். ஒரு ஓரம் முறுக்கிக்கொண்டு போனால் கீழே வைத்துவிடுங்கள், அதைச் செட்டப்பில் சரி செய்ய முடியாது.

அப்புறம் ஆறு கம்பி, இருபத்திரண்டு ஃப்ரெட். மொத்தம் 132 சுரம். ஒன்றுவிடாமல் வாசியுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. எங்கேயாவது கம்பி கடகடக்கிறதா, ஒலி திடீரென்று சாகிறதா என்று கவனியுங்கள். எல்லா இடத்திலும் லேசாகக் கடகடத்தால் உயரத்தை ஏற்றிச் சரி செய்யலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட் பள்ளமாகவோ அடுத்த ஃப்ரெட் மேடாகவோ இருக்கிறது.

சுருதிச் சோதனைக்கு உங்கள் போனிலேயே ட்யூனர் வைத்துக்கொள்ளுங்கள். சுருதி சேர்த்துவிட்டு ஒவ்வொரு கம்பியையும் பத்து முறை நன்றாக இழுத்து விடுங்கள். மறுபடி பாருங்கள். கொஞ்சம் இறங்கினால் புதுக் கம்பி என்று விடலாம். மறுபடி சேர்த்து, மறுபடி இழுத்தும் இறங்கினால் சந்தேகப்படுங்கள். ட்யூனர் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி நட் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு விடுபடுகிறது. இது சின்ன வேலைதான், கடைக்காரரிடமே செய்து தரச் சொல்லலாம்.

கடைசியாக ஆம்ப். கடையின் பெரிய, விலை உயர்ந்த ஆம்ப்பில் எல்லாமே அழகாகக் கேட்கும். உங்கள் வீட்டில் இருப்பது போன்ற ஆம்ப்பைக் கேளுங்கள், எஃபெக்ட் எதுவும் போடாமல் வாசியுங்கள். ஸ்விட்சை எல்லா நிலைக்கும் மாற்றுங்கள், வால்யூமையும் டோனையும் முழுக்கத் திருப்புங்கள், ஜாக்கில் கேபிளை லேசாக ஆட்டுங்கள். கரகரப்பு கேட்டால் சொல்லுங்கள்.

முடிந்தால் அன்றே வாங்காதீர்கள். ஊருக்குத் திரும்பி, பழைய கிட்டாரை எடுத்து ஒரு வாரம் வாசியுங்கள். கடையில் வாசித்தது ஞாபகத்தில் வந்துகொண்டே இருந்தால் மறுபடி போகலாம். கைக்குப் பிடித்த அதே கிட்டாரை, அதன் சீரியல் எண்ணைக் குறித்துவைத்து, அதையே கேளுங்கள். உள்ளிருந்து வேறு பெட்டி எடுத்துத் தந்தால் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

ஆன்லைனும் பழைய கிட்டாரும்

நான் ஒருமுறை ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கினேன். வந்த கிட்டாரில் நெக் சரியாகப் பொருந்தவில்லை. திருப்பி அனுப்ப ஏழு நாள் என்றிருந்தார்கள், நான் எட்டாவது நாள்தான் கவனித்தேன். அந்த வருத்தத்தில் சொல்கிறேன்: பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுங்கள், மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் முதல் நாளே முடியுங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய கிட்டாரில் இதே காசுக்கு ஒரு படி மேலான பொருள் கிடைக்கும். படிப்பு முடித்து ஊரைக் காலி செய்யும் மாணவர்கள் விற்பதுண்டு. அதில் மூன்று இடம் முக்கியம். முதல் ஐந்து ஃப்ரெட்டில் கம்பி அரித்த பள்ளம் ஆழமாக இருந்தால் ஃப்ரெட் மாற்றும் செலவு பெரிது. தலை பின்பக்கம் சாய்ந்த கிப்சன் வகைக் கிட்டார்களில் நட்டுக்குப் பின்னால் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறார் என்றால் கிட்டாருக்கு மின்னழுத்தப் பிரச்சினை இல்லை. ஆம்ப்புக்கு உண்டு. அமெரிக்காவில் 120 வோல்ட், நம் வீட்டில் 230. நேராகச் சொருகினால் எரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது சரியான அறிகுறி. ஆனால் தொட்டதும் விரலில் சுருக்கென்று இழுத்தால் உடனே ஆம்ப்பை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய வீடுகளில் மூன்று முனை பிளக் பாயிண்ட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. ஆம்ப் வாங்குவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது முனையை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து சோம்பல் வேண்டாம்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் கிட்டாரைக் காருக்குள் வைத்துவிட்டு லாங் பஜாரில் காய்கறி வாங்கப் போகாதீர்கள். மூடிய காருக்குள் பசை இளகும், நெக் வளையும். கோடையில் மரம் காய்ந்து சுருங்கும், அப்போது ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு வரும். ஐப்பசி மழையில் மரம் ஈரம் இழுக்கும், நெக் கொஞ்சம் நகரும். ஆகவே மே மாதம் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை கார்டு வைத்து உயரம் பாருங்கள். வாசித்து முடித்ததும் வியர்வையைப் பழைய பருத்தித் துணியால் துடைத்தால் கம்பி இன்னும் சில வாரம் துருப்பிடிக்காமல் இருக்கும்.

சுவரில் மாட்டுவதென்றால் மேற்குச் சுவர் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் அதில் கை வைக்க முடியாது. வீட்டின் நடுவே உள்ள உள்சுவரில், ஜன்னல் வெயில் படாத இடத்தில், உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.